கொரியாவின் கதை போராளியினுடையதா, வீட்டினுடையதா? ‘வீடே’ என்னும் அணியின் உரை

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அந்த 35 ஆண்டுகளைக் கதையாக எழுத முற்படுகிற ஒருவர், கதையின் நடுவே ஆயுதம் ஏந்திய போராளியை நிறுத்த வேண்டுமா, வீட்டில் இருந்தபடியே அந்த ஆட்சியைத் தாங்கிய சாமானியரை நிறுத்த வேண்டுமா என்பதே இன்றைய தலைப்பு. நான் வீட்டில் இருந்தவர்களுக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் இந்த அவையை உலுக்கிவிட்டுத்தான் அமர்ந்திருக்கிறார். 1909-ஆம் ஆண்டு அக்டோபர் 26 அன்று சீனாவின் ஹார்பின் ரயில் நிலையத்தில், ஜப்பானின் முன்னாள் பிரதமர் இத்தோ ஹிரோபூமியைச் சுட்டு வீழ்த்திய ஆன் ஜூங்-குனைப் பற்றிச் சொன்னார். 1932 ஏப்ரல் 29 அன்று ஷாங்காய் ஹோங்கூ பூங்காவில், ஜப்பானியப் பேரரசரின் பிறந்தநாள் விழா மேடை மீது குண்டு வீசிய யுன் போங்-கில்லைப் பற்றிச் சொன்னார். அன்று காலையில் நடந்த கைக்கடிகார மாற்றத்தை அவர் விவரித்தபோது என் கண்களும் கலங்கின. தன்னை அனுப்பிவைத்த விடுதலை இயக்கத் தலைவர் கிம் கூவிடம் அந்த இளைஞர், என் கடிகாரம் ஆறு வோன் கொடுத்து வாங்கியது, உங்களுடையதோ இரண்டு வோன் பெறும், எனக்கு இனி ஒரு மணி நேரத்துக்குத்தான் கடிகாரம் தேவை, ஆகவே மாற்றிக்கொள்வோம் என்று சொன்னதாகக் கிம் கூ தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

நடுவர் ஐயா அவர்களே, அந்த நிகழ்ச்சியில் நம் கண்களை நனைத்தது எது என்று எண்ணிப் பாருங்கள். வெடிகுண்டு நம்மை அழவைக்கவில்லை. நல்ல பொருள் வீணாகக் கூடாது என்று கருதிய ஒரு கிராமத்துப் பிள்ளையின் சிக்கன புத்திதான் அழவைத்தது. சாகப் போகிற நேரத்திலும் நான்கு வோன் வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்து, மிச்சப்படுத்தி, இருக்கப் போகிறவரிடம் கொடுத்துவிட்டுப் போகிற அந்தக் குணம் எந்தப் போர்ப் பயிற்சியிலும் வந்ததன்று. கொரியாவின் யேசான் வட்டாரத்தில், படிப்பறியாத உழவர்களுக்கு இரவுப் பள்ளி நடத்திய வீட்டிலிருந்து வந்த குணம் அது. 1930 மார்ச் மாதத்தில், ‘வீட்டை விட்டுப் புறப்படும் ஆண்மகன் உயிரோடு திரும்புவதில்லை’ என்னும் பொருளில் ஒரு வரியை எழுதிவைத்துவிட்டு, மனைவியிடம் சொல்லிக்கொள்ளாமல் அவர் வெளியேறினார். அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்த பிறகு அந்த வீட்டில் உலை வைத்தது யார், வயலில் நாற்று நட்டது யார், விசாரிக்க வந்த காவலருக்குப் பதில் சொன்னது யார்? எதிரணித் தலைவரின் கதை ஷாங்காய்க்குக் கப்பல் ஏறிவிட்டது. என் கதை அந்தக் காகிதத்தைப் படித்தவரோடு யேசானிலேயே தங்கிவிடுகிறது.

போராளியின் பெருமையைக் குறைத்துப் பேச நான் இங்கே நிற்கவில்லை. அந்த உயிர்களுக்கு முன் தலைவணங்கிவிட்டுத்தான் பேசுகிறேன். ஆனால் கதை என்பது சிலை வைக்கும் வேலையன்று. ஓர் ஆட்சி எந்த இடத்தில் மனிதர்களைத் தொட்டதோ அந்த இடத்தில் விளக்கைப் பிடிப்பது கதையின் வேலை. ஜப்பானிய ஆட்சி கொரியரை எங்கே தொட்டது?

முதல் பத்தாண்டில் அது முதுகைத் தொட்டது. 1912-இல் கொண்டுவரப்பட்ட கசையடிச் சட்டம் கொரியருக்கு மட்டுமே உரியது. அதே மண்ணில் அதே குற்றத்தைச் செய்த ஜப்பானியருக்கு அந்தத் தண்டனை கிடையாது. சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்கள் சீருடை அணிந்து இடுப்பில் வாளோடு வகுப்பறைக்குள் வந்தார்கள். 1910 முதல் 1918 வரை நடந்த நில அளவை, வாய்மொழி வழக்கத்தையே நம்பிப் பயிரிட்டு வந்த பலரின் உரிமையைக் காகிதத்தில் இல்லாமல் ஆக்கியது. பிறகு வயிற்றைத் தொட்டது. ஹோனாம் சமவெளியில் விளைந்த நெல் குன்சான் துறைமுகத்தில் மூட்டை மூட்டையாகக் கப்பலேற, விளைவித்தவர்கள் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவிலிருந்து வந்த தினையை உண்டார்கள். பழைய அரிசி தீர்ந்து வாற்கோதுமை இன்னும் முற்றாத வசந்த மாதங்களைக் கொரிய மொழியில் ‘வாற்கோதுமைக் கணவாய்’ என்பார்கள். மலை ஏறுவதைப் போல நாள்களை ஏறிக் கடக்க வேண்டிய காலம் அது. பைன் மரத்தின் உள்பட்டையை உரித்து வேகவைத்துத் தின்று கடந்தார்கள். அதன் பிறகு உடையைத் தொட்டது. வெள்ளை உடுத்துவது கொரியரின் நெடுங்கால வழக்கம். அதை ஒழிக்க வேண்டும் என்று, சந்தைக்கு வந்த முதியவர்களின் வெள்ளாடை மீது மை தெளித்தார்கள். ஒரு வெள்ளைச் சட்டையை வேகவைத்து, கஞ்சி போட்டு, இரண்டு மரக்கட்டைகளால் கல்லின் மேல் தட்டித் தட்டி மடிப்பெடுக்கக் கொரியப் பெண்ணுக்கு எத்தனை இரவுகள் ஆகும் என்பதை அறிந்தால்தான், அந்த ஒரு துளி மையின் கொடுமை விளங்கும்.

1937-இல் சீனாவோடு போர் தொடங்கிய பின் அந்த ஆட்சி வீட்டின் கடைசி அறை வரை நுழைந்துவிட்டது. அதை ஒரு கிண்ணத்தை வைத்துச் சொல்ல விரும்புகிறேன்.

கொரிய வீடுகளில் குளிர்காலம் முழுவதும் வெண்கலக் கிண்ணத்தில்தான் சோறு. 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் சேர்த்து உருக்கி, சம்மட்டியால் அடித்தடித்து உருவாக்கிய கிண்ணம் அது. சூடு தாங்கும், தட்டினால் நெடுநேரம் ஒலிக்கும். முன்னோருக்குப் படைக்கும் கலங்களும் அதே உலோகம்தான். இலையுதிர் காலத்தில் சூசோக் அறுவடைத் திருநாள் நெருங்கும்போது முற்றத்தில் பாய் விரித்து, உடைந்த கூரை ஓட்டைப் பொடித்துச் சலித்து, வைக்கோல் புரியில் தொட்டு, வீட்டுப் பெண்கள் கூடி உட்கார்ந்து அவற்றைத் துலக்குவார்கள். 1941-இல் உலோகங்களைத் திரட்டும் ஆணை பிறந்தது. போருக்கு உலோகம் வேண்டும் என்று கிண்ணங்களையும் கரண்டிகளையும் படையல் கலங்களையும் கோயில் மணிகளையும் கொண்டு போனார்கள்.

இனி நான் சொல்லப்போகும் வீடு என் கற்பனை. ஆனால் சூழ்நிலை கற்பனையன்று. ஏறத்தாழப் பத்து வீடுகளை ஒன்றாகக் கட்டி ‘தேசபக்திக் குழு’ என்று அப்போது பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் குழுவின் தலைவர் பெரும்பாலும் கொரியர், பக்கத்து வீட்டுக்காரர். பங்கீட்டு உணவு கிடைக்க வேண்டுமானால் அவருடைய தயவு வேண்டும். அவர் உலோகக் கணக்கெடுக்க வருகிறார். இந்த வீட்டில் மொத்தம் எத்தனை கிண்ணங்கள் என்பது அவருக்குத் தெரியும், ஏனென்றால் இந்த வீட்டுத் திருமணத்திலும் இழவிலும் அவற்றில் அவர் உண்டிருக்கிறார். மாமியார் பதினோரு கிண்ணங்களைத் திண்ணையில் அடுக்கி வைக்கிறாள். பன்னிரண்டாவது அங்கே இல்லை. முற்றத்தின் மூலையில் புது மண் தெரிகிறது. குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டு ஜாடிகளை மண்ணில் புதைப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான், ஆனால் அதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. குழுத் தலைவர் அந்த மண்ணைப் பார்க்கிறார். ‘இந்த ஆண்டு கிம்ச்சி வேலையைச் சீக்கிரமே தொடங்கிவிட்டீர்கள் போலிருக்கிறது, பாட்டி’ என்கிறார். பதினொன்று என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார்.

அந்த ஒரு வாக்கியம் மிரட்டலா, அடைக்கலமா? எனக்குத் தெரியும் என்று எச்சரித்தாரா, எனக்குத் தெரிந்தும் சொல்லமாட்டேன் என்று தேற்றினாரா? அந்த மாமியார் அன்றிரவு முழுவதும் தூங்காமல் அதையே புரட்டிப் புரட்டி யோசித்திருப்பாள். எந்தக் காவல் நிலையப் பதிவேட்டிலும் அந்த வாக்கியம் ஏறாது. எந்த வரலாற்று ஆசிரியருக்கும் அதற்குச் சான்று கிடைக்காது. கதை எழுதுகிறவர் ஒருவரால்தான் அதை இரு பொருளோடும் அப்படியே வைத்திருக்க முடியும். காட்டிக்கொடுத்தவர், காப்பாற்றியவர் என்று இரண்டு பெட்டிகளாக மனிதர்களைப் பிரிக்க முடியாதபடி அந்த ஆட்சி அயலாரைப் பிணைத்துவைத்திருந்தது என்னும் உண்மை ஹார்பின் ரயில் மேடையில் நின்றால் தெரியாது, இந்த முற்றத்தில் நின்றால்தான் தெரியும்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி ஒரு கூர்மையான கேள்வியை எழுப்பினார். 1940 பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதங்களில், கொரியக் குடும்பங்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் ஜப்பானியக் குடும்பப்பெயரைப் பதிந்துகொண்டார்களே, அடிபணிந்த அந்தப் பெரும்பான்மையைக் கதையின் நடுவே வைப்பது அடிமைத்தனத்துக்குப் பொன்முலாம் பூசுவதாகாதா என்று கேட்டார். நேர்மையான கேள்வி. அதை நான் ஒதுக்கிவிட்டுப் போகமாட்டேன்.

அந்த 80 விழுக்காட்டின் உள்ளே போய்ப் பார்ப்போம். பெயர் மாற்றாத வீட்டுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள், பங்கீட்டுப் பொருள் கொடுப்பதில் இழுத்தடித்தார்கள். குலமே ஒன்றுகூடிப் பேசி முடிவெடுத்த இடங்கள் பல. அப்படி எடுத்தபோது பழைய பெயரின் விதையைப் புதிய பெயருக்குள் பொதிந்துவைத்தார்கள். கிம் என்னும் பெயரை எழுதும் பொன் என்ற எழுத்தைக் கைவிடாமல் கானெமோத்தோ என்று ஆனார்கள். பாக் குலத்தினர் பலர் அராய் என்று பதிந்தார்கள். அராய் என்பதில் கிணற்றைக் குறிக்கும் எழுத்து இருக்கிறது. பாக் குலத்தின் முதல்வர் ஒரு கிணற்றருகே கிடைத்த முட்டையிலிருந்து பிறந்தார் என்பது அவர்களின் தொன்மம். பதிவு அலுவலர் அதில் ஒரு ஜப்பானியப் பெயரைக் கண்டார். வீட்டுக்காரர் அதில் தம் கிணற்றைக் கண்டார். இதை வீரம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடிபணிதல் என்ற ஒற்றைச் சொல்லால் இதை மூடிவிடவும் முடியாது.

கவிஞர் யுன் தோங்-ஜூவின் வாழ்க்கையே அந்தச் சகோதரிக்கு நான் தரும் பதில். மஞ்சூரியாவின் கந்தோ பகுதியில், கொரியர் குடியேறிய மியோங்தோங் கிராமத்தில் 1917 டிசம்பர் 30 அன்று பிறந்தவர் அவர். ஜப்பானுக்குப் படிக்கப் போக வேண்டுமானால் பயண அனுமதி வேண்டும், அதற்கு ஜப்பானியப் பெயர் வேண்டும். 1942 ஜனவரி இறுதியில் ஹிரானுமா என்று தம் பெயரைக் கல்லூரியில் பதிந்தார். அதற்குச் சில நாள்களுக்கு முன், ஜனவரி 24 அன்று, ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு கவிதை எழுதினார். பச்சைக் களிம்பேறிய செப்புக் கண்ணாடியில் தம் முகம் இப்படி இழிவாகத் தெரிகிறதே என்று வெட்கி, 24 ஆண்டும் ஒரு மாதமும் எந்த மகிழ்ச்சியை நம்பி வாழ்ந்தேன் என்று தம்மையே கேட்டுக்கொள்ளும் கவிதை அது. அதன் கையெழுத்துப் படி இன்றும் இருக்கிறது. கவிதைக்குக் கீழே, தாளின் ஓரத்தில், மனம் போன போக்கில் சில சொற்களைக் கிறுக்கியிருக்கிறார். ‘கடல் கடக்கும் அனுமதி’ என்பது அவற்றில் ஒன்று. ‘பிழைத்திருத்தல்’, ‘வாழ்க்கை’ என்பனவும் உண்டு.

அந்த ஓரத்தை உற்றுப் பாருங்கள், நடுவர் ஐயா அவர்களே. நடுத்தாளில் கவிதை இருக்கிறது, ஓரத்தில் அரசாங்கப் படிவம் இருக்கிறது. பெயரை மாற்றிக்கொண்ட அந்த 80 விழுக்காட்டில் அவரும் ஒருவர். அடுத்த ஆண்டு ஜூலையில் கியோத்தோவில் கைதானார். 1945 பிப்ரவரி 16 அன்று, விடுதலைக்கு ஏறத்தாழ ஆறு மாதம் இருக்கையில், ஃபுகுவோகா சிறையில் உயிர் துறந்தார். அவர் குண்டு எறிந்தவரல்லர். கொரிய மொழியில் எழுதினார், அவ்வளவே. அடிபணிந்தவர், எதிர்த்தவர் என்ற இரு பட்டியல்களில் எதில் அவரைச் சேர்ப்பீர்கள்?

மொழியைப் பற்றிச் சொன்னதால் பள்ளிக்கூடத்துக்கும் வருகிறேன். 1938-க்குப் பிறகு கொரிய மொழி பாடத்திட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, பின் இல்லாமலே போயிற்று. பிள்ளைகள் கையில் சில அட்டைகளைக் கொடுப்பார்கள். கொரிய மொழியில் பேசிவிட்டவனிடமிருந்து அதைக் கேட்டவன் ஓர் அட்டையைப் பறித்துக்கொள்ளலாம். அட்டை குறைந்தவனுக்குத் தண்டனை. பிள்ளைகளையே பிள்ளைகளுக்கு ஒற்றர்களாக்கிய முறை அது. கொரியக் குழந்தை தாயை ‘ஒம்மா’ என்று அழைக்கும், தந்தையை ‘அப்பா’ என்றே அழைக்கும். ஓடி விளையாடும்போது தடுக்கி விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்ட ஏழு வயதுக் குழந்தையின் வாயிலிருந்து முதலில் வரும் சொல் எது? அந்தச் சொல்லுக்காக ஓர் அட்டை போகும். இந்த அவையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அதன் வலி தெரியும்.

ஒரு சொல்லை உச்சரிப்பதற்காக உயிரே போன நாளும் உண்டு. 1923 செப்டம்பர் 1 அன்று தோக்கியோ வட்டாரத்தைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியபோது, கொரியர் கிணறுகளில் நஞ்சிடுகிறார்கள் என்று வதந்தி பரவியது. கம்பும் மூங்கில் ஈட்டியும் ஏந்திய கும்பல்கள் தெருமுனைகளில் நின்று, போவோர் வருவோரிடம் ‘பதினைந்து யென் ஐம்பது சென்’ என்பதை ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ஜ’ போன்ற அதிரொலிகள் கொரியர் நாவுக்கு எளிதில் வாரா. தடுமாறியவர்களைக் கொன்றார்கள். அப்படி ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். பிழைப்புக்காகக் கடல் கடந்து போய் மண் சுமந்தவர்கள், துணி ஆலையில் நூல் கோத்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். போராளியை மட்டும் தேடுகிற புனைகதை அந்தத் தெருமுனையை ஒரு பத்தியில் கடந்துவிடும்.

அந்த மொழியைக் காத்தவர்கள் யார்? கொரிய மொழிச் சங்கத்தார் அகராதி ஒன்றைத் தொகுக்கத் தம் இதழின் வழியே அழைப்பு விடுக்க, விடுமுறைக்கு ஊர் திரும்பிய மாணவர்கள் தத்தம் வட்டாரத்துச் சொற்களைத் திரட்டி அனுப்பினார்கள். மீனுக்கும் களைக்கும் பானை மூடிக்கும் பாட்டி சொல்லும் பெயர் என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதியனுப்பிய சொற்கள் அவை. 1942-இல், ஹம்ஹுங் நகரப் பள்ளி மாணவி ஒருவரின் நாட்குறிப்பில் இருந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு காவல்துறை புறப்பட்டது. அந்த அகராதிப் பணியோடு தொடர்புடைய 33 பேர் வழக்கில் சிக்கினார்கள். யீ யுன்-ஜே, ஹான் ஜிங் ஆகிய இருவர் சிறையிலேயே மாண்டார்கள். பல ஆண்டு உழைத்த கையெழுத்துப் படிகள் சான்றுப் பொருளாகப் பறிக்கப்பட்டு, எங்கே போயின என்று தெரியாமல் போயின. விடுதலைக்குப் பின், 1945 செப்டம்பர் 8 அன்று, சியோல் ரயில் நிலையத்தின் சரக்குக் கிடங்கில் அந்தத் தாள்கட்டுகள் கிடைத்தன. 1947-இல் அகராதியின் முதல் தொகுதி அச்சாயிற்று. ஒரு பாட்டியின் அடுக்களைச் சொல் சிறைக்குப் போய், நீதிமன்றத்துக்குப் போய், கிடங்கில் கிடந்து, திரும்பி வந்த பயணம் அது. துப்பாக்கிச் சண்டையை விடப் பெரிய கதைக்கரு இதில் இல்லையா?

அடுத்து, சாமானியரின் வாழ்க்கையை எழுதினால் அது வெறும் கண்ணீர்க் கதையாகும், எதிர்ப்பு அதில் வராது என்று எதிரணியில் சொல்லப்பட்டது. ஜெஜூ தீவின் முக்குளிப்புப் பெண்கள் இதற்கு 1932-ஆம் ஆண்டிலேயே பதில் சொல்லிவிட்டார்கள். சுரைக்குடுக்கையை மிதவையாகப் போட்டு, மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய்ச் சிப்பியும் பாசியும் எடுத்து வந்து விற்றுப் பிழைத்தவர்கள் அவர்கள். அவர்களின் பெயராலேயே அமைந்த கூட்டுறவுச் சங்கத்தைத் தீவு ஆட்சியரே தலைமையேற்று நடத்திக்கொண்டு, அவர்கள் எடுத்த பொருளுக்கு அடிமாட்டு விலை வைத்தார். அந்த ஆண்டு ஜனவரியில், சிப்பியைப் பெயர்க்கும் இரும்பையும் களைக்கொத்தியையும் கையில் பிடித்தபடி சேஹ்வா சந்தையில் திரண்டு, ஆட்சியரின் காரையே அவர்கள் மறித்தார்கள். அவர்கள் கையில் இருந்தவை ஆயுதங்களல்ல, அன்று காலை வரை சோறு போட்ட கருவிகள். அந்தக் கருவி எந்த நாளில், எந்த விலைக் குறைப்பில், எந்த அவமானத்தில் ஆயுதமாயிற்று என்பதை எழுத வேண்டுமானால், அதற்கு முந்தைய பத்தாண்டு அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

போராளியின் கதையையும் வீடுதான் தாங்கியது. யீ ஹ்வே-யோங்கும் அவருடைய சகோதரர்களும், ஆறு பேருமாக, இருந்த சொத்தையெல்லாம் விற்று 1910 இறுதியில் மஞ்சூரியாவுக்குக் குடிபெயர்ந்து, அடுத்த ஆண்டு விடுதலைப் படைக்கான சின்ஹுங் பயிற்சிப் பள்ளியை உருவாக்கத் துணை நின்றார்கள். இதை எல்லா வரலாற்று நூல்களும் போற்றும். அவருடைய மனைவி யீ உன்-சுக், பின்னாளில் தனியே கொரியா திரும்பி, கூலிக்குத் துணி தைத்து, அந்தக் காசைக் கணவருக்கு அனுப்பிவைத்தார். 1932-இல் கணவர் ஜப்பானியர் பிடியில் உயிரிழந்தார். அந்த அம்மையார் எழுதிய நினைவுக் குறிப்பு 1975-இல்தான் நூலாக வந்தது. ஆறு சகோதரர்களில் விடுதலைபெற்ற நாட்டுக்கு உயிரோடு திரும்பியவர் ஒருவரே. துப்பாக்கிக்குத் தோட்டா வாங்கிய காசு ஊசியிலிருந்து வந்தது என்றால், ஊசி பிடித்த விரலைக் கதையின் நடுவே வைப்பது எந்த வகையில் போராட்டத்தைச் சிறுமைப்படுத்தும்?

1920-இல் மஞ்சூரியாவின் போங்ஒ-தோங் பள்ளத்தாக்கில் ஜப்பானியப் படையைத் தோற்கடித்த தளபதி ஹோங் போம்-தோவின் முடிவையும் எண்ணிப் பாருங்கள். சோவியத் அரசு 1937-இல் கொரியரைக் கூட்டம் கூட்டமாக நடு ஆசியாவுக்கு ஏற்றியனுப்பியபோது அவரும் கஜகஸ்தானுக்குப் போனார். கிசிலோர்தா நகரில் கொரிய நாடக அரங்கில் காவலாளியாக வேலை பார்த்தார். அந்த அரங்கிலேயே 1942-இல் அவரைப் பற்றிய நாடகம் மேடையேறியது. மறு ஆண்டு அவர் மறைந்தார். மேடையில் ஓர் இளைஞன் குதிரை வீரனாக முழங்கிக்கொண்டிருக்க, எழுபதைக் கடந்த அந்த முதியவர் அந்த அரங்கையே காத்துக்கொண்டிருந்தார். எதிரணி அந்த மேடையைப் பார்க்கிறது. என் நெஞ்சு அந்தக் காவலாளியின் மேல்தான் நிற்கிறது.

1919 மார்ச் 1 அன்று தொடங்கிய விடுதலை எழுச்சியில் மாண்டோர் எத்தனை பேர்? கொரிய அறிஞர் பாக் யுன்-சிக் மறு ஆண்டில் வெளியிட்ட கணக்கு 7,509 என்கிறது. ஜப்பானிய அரசின் கணக்கு 553 என்கிறது. இரண்டுக்கும் நடுவே 6,956 உயிர்கள் நிற்கின்றன. ஆவுனே சந்தையில் கையால் வரைந்த கொடிகளை வழங்கி, சொதேமுன் சிறையில் பதினெட்டு வயது நிறையும் முன்பே மாண்ட யூ குவான்-சுன்னின் முகம் சிறைப் பதிவு அட்டையில் வீங்கிய நிலையில் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவளுக்கு ஒரு புகைப்படமாவது இருக்கிறது. அதே சந்தையில் கொடியை வாங்கிக்கொண்டு நின்ற, முட்டை விற்க வந்த கிழவிக்கு எந்த அட்டையும் இல்லை. ஜேஅம்-ரி கிராமத்தில் தேவாலயத்துக்குள் அழைத்து அடைத்துத் தீ வைக்கப்பட்டவர்களின் சாம்பலை, ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு என்னும் கனடா நாட்டுச் சமயப் பணியாளர் நேரில் போய்ப் படமெடுத்ததால் உலகம் அறிந்தது. படமெடுக்க எவரும் வராத கிராமங்களை யார் அறிவார்? புனைகதை எழுதுகிறவர் இறங்க வேண்டிய பள்ளம் அந்த இரு எண்களுக்கும் நடுவே இருக்கிறது. சான்று இருக்கும் வீரருக்கு வரலாற்றாசிரியர் இருக்கிறார். சான்றில்லாதவருக்குக் கதையை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

கொரியரே தம் காலத்தைப் பெருங்கதையாக்க உட்கார்ந்தபோது என்ன செய்தார்கள் என்பதும் இந்த அவை அறிய வேண்டியது. பாக் கியோங்-னி அம்மையார் 1969-இல் தொடங்கி 1994-இல் முடித்த ‘நிலம்’ என்னும் பெருநாவல், 1897-ஆம் ஆண்டு சூசோக் நாளன்று ஒரு கிராமத்தில் தொடங்கி, 1945 ஆகஸ்ட் 15 அன்று முடிகிறது. 25 ஆண்டுகள் எழுதிய அந்தக் கதைக்குள் போராளிகள் வருகிறார்கள், போகிறார்கள். நடுவே நிற்பது பியோங்சா-ரி என்னும் ஊரும், அங்கே நிலத்தை இழந்த ஒரு வீடும்.

வீட்டுக் கதை எழுதுவோருக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், அது எங்கள் அணிக்கே எதிராகப் போனாலும் சரி. கொரிய வீடு என்றால் கிம்ச்சி ஜாடியும் மூங்கில் திரையும் அழும் தாயும் என்று அழகு காட்டிவிட்டுப் போகிறவர்களை நான் ஆதரிக்கவில்லை. அந்த வீட்டில் காவல்துறையில் சேர்ந்த மகன் இருக்கலாம். ஆலை வேலை என்று ஆசை காட்டிப் பெண்களைப் படைமுகாமுக்கு ஏற்றியனுப்பிய தரகன் இருக்கலாம். அப்படிக் கொண்டுபோகப்பட்ட ஒருத்தி, திரும்பி வந்த பின் வாய் திறக்காமல் வாழ்ந்த அறையும் இருக்கும். கிம் ஹாக்-சுன் அம்மையார் 1991 ஆகஸ்ட் 14 அன்று, தம் பெயரையும் முகத்தையும் மறைக்காமல், படையினரின் பாலியல் அடிமையாக வைக்கப்பட்டிருந்ததைப் பகிரங்கமாகச் சொன்னார். விடுதலை கிடைத்து 46 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வாய் திறந்தது. நாடு விடுதலை பெற்ற அன்றே போராளியின் கதை முடிந்துவிடும். அந்த அம்மையாரின் கதை அன்று முடியவில்லை.

கடைசியாக யுன் தோங்-ஜூவிடமே திரும்புகிறேன். 1941 இறுதியில் தம் கவிதைகள் பத்தொன்பதைத் தொகுத்து, தம் கையாலேயே மூன்று படிகள் எழுதினார். ஒன்றைத் தாமே வைத்துக்கொண்டார், ஒன்றைத் தம் ஆசிரியருக்குக் கொடுத்தார், மற்றொன்றைக் கல்லூரித் தோழர் ஜோங் பியோங்-உக்கிடம் கொடுத்தார். 1944 தொடக்கத்தில் தோழரையும் கட்டாயப் படைச்சேவைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். புறப்படும் முன் அவர் அந்தப் படியைத் தம் தாயிடம் கொடுத்து, நாங்கள் இருவருமே செத்துப்போனாலும் இதை விடக் கூடாது, நாடு விடுதலையான பின் எங்கள் கல்லூரியில் சேர்த்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். தென்கடற்கரையில், குவாங்யாங் வட்டாரத்து மாங்தோக் துறையில், மது வடிக்கும் கடையோடு சேர்ந்த வீடு அவர்களுடையது. அந்தத் தாய் தரைப்பலகையைப் பெயர்த்து, கவிதைத் தாள்களை ஜாடிக்குள் வைத்து, பலகையைப் பழையபடி மூடினார். கொரிய மொழியில் எழுதியது வீட்டில் இருப்பதே ஆபத்தான காலம் அது. மகன் போர்முனையில் இருந்தான். மகனின் தோழன் சிறையில் இருந்தான். அந்தப் பலகையின் மேலேயே அவர் நாள்தோறும் நடந்து, வாடிக்கையாளருக்கு மது ஊற்றிக் கொடுத்து, கணக்கு எழுதி, இரவில் படுத்திருப்பார்.

மகன் உயிரோடு திரும்பினான். மற்ற இரு படிகளும் கிடைக்கவில்லை. 1948-இல் அச்சேறிய நூலுக்கு அடிப்படையாய் அமைந்தவை அந்தத் தாய் பலகையைத் தூக்கி எடுத்துக் கொடுத்த தாள்களே. நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணி கேட்கும் கதை அந்தப் பலகையின் மேல் நடந்த கால்களுடையது.

நன்றி, வணக்கம்.